இரண்டு வாசலுக்கு நடுவே

மேஸ்திரி சாயங்காலம் எழுப்பிவிட்டுப் போன செங்கல் சுவர், பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. வெயில் பட்டுக் காய்ந்திருந்தால் அவள் கண்டுகொண்டிருக்கவே மாட்டாள். ஆனால் இது வீட்டுக்குள் இருக்கிற பக்கம். வெயிலை விடுங்கள், வெளிச்சமே ஒழுங்காக எட்டிப் பார்க்காத மூலை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பிதுங்கி நிற்கும் கலவையைத் தொட்டால் விரல் சில்லென்று நனைய வேண்டும், ஈர மணலும் சிமெண்டும் கலந்த அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏற வேண்டும். அவள் தொட்டபோது பொடிதான் உதிர்ந்தது. வருடக்கணக்காக யார் கையும் படாமல் நின்ற சுவரின் பொடி. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மனுஷன் கலவையில் என்னத்தைக் கலந்து தொலைத்தாரோ என்று முணுமுணுத்தாள்.

மேஸ்திரி வெளியே நின்று கட்ட, அவள் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கல் வைக்கிற இடம் மட்டும் மிச்சம் இருந்தபோது அவர் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துச் சிரித்தார்.

"உள்ள வச்சுக் கட்டிட்டேன்னு என் மேல கேஸ் போட்டுடாதீங்கம்மா."

"அரை மணி நேர வேலை மேஸ்திரி. அந்தப் பக்கம் பலகையைக் கழட்டினா பழைய கதவு. நானே திறந்துக்கிட்டு வந்து உங்களுக்கு டாட்டா காட்டுறேன்."

"அதுவரைக்கும் நிக்க எனக்கு நேரமில்ல. அடுத்த வீட்டுக்காரர் என் கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நாளைக்குக் காலையில மறக்காம சுவத்துக்குத் தண்ணி ஊத்துங்க." கல் வந்து உட்கார்ந்தது. கரணையால் இரண்டு தட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அவருடைய சைக்கிள் சத்தம்.

இந்த வீட்டை வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றது அவள்தான். அவள் பிறப்பதற்கு முன்பு, உலகமே புதுசாகிவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ ஒருவர் ஆசை ஆசையாக வரைந்த வீடு. தட்டையான கான்கிரீட் கூரை. கால் வைத்தால் உள்ளங்கால் குளிரும் மொசைக் தரை. சுவரோடு சுவராகப் பதித்த அலமாரிகள். தெருப் பக்கம் பேருக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, வெறும் சுவர்தான். உள்ளே வந்தால் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் வானம் பார்த்த முற்றம். எல்லா அறைகளும் தெருவுக்கு முதுகைக் காட்டிவிட்டு முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. முதல் தடவை பார்த்த அன்றே அவளுக்கு இந்த வீட்டின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

கெடுத்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள். அதிலும் கடைசியாக இருந்தவர் பெரிய புண்ணியவான். ஹாலில் அசலாக இருந்த வாசலை உள்பக்கம் மரப்பலகை அடித்து மறைத்துவிட்டு, வெளிப்பக்கமும் பலகை அறைந்துவிட்டு, ஹாலின் எதிர்ச்சுவரில் கன்னாபின்னாவென்று இன்னொரு வாசலை வெட்டியிருந்தார். ரசனை கெட்ட ஜென்மம் என்று அவளும் கணவனும் அவரை எத்தனையோ தடவை சிரித்துத் தீர்த்திருந்தார்கள். அவளுடைய கொள்கை ரொம்ப எளிது: உடைக்கக் கூடாது, புதிதாக வாங்கக் கூடாது, வீட்டில் ஏற்கெனவே இருந்ததைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கையில் காசு இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான கொள்கை எது? பழைய ஸ்க்ரூவைக்கூட மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து மறுபடி மாட்டுவாள். "நம்ம வீட்ல ஆணிக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைக்கல" என்பான் கணவன்.

அந்தக் கொள்கைதான் அவளை இப்போது வாசலே இல்லாத வீட்டுக்குள் உட்காரவைத்திருந்தது. பழைய வாசலை முதலில் திறந்துவிட்டு வெட்டின வாசலை மூடியிருக்கலாம். புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் செங்கல் வேலை நடக்கும்போது பறக்கிற சிமெண்டுத் தூசி, இத்தனை காலம் பலகைக்குப் பின்னால் பத்திரமாக இருந்த பழைய கதவின் மேல் படியக் கூடாது என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். முதலில் இதை மூடட்டும், அப்புறம் பலகையைக் கழற்றுவோம். பழைய கதவு உள்ளே தாழ் போட்டிருந்ததால் யாராவது ஒருவர் உள்ளே இருந்துதான் திறக்க வேண்டும். அந்த ஒருவர் அவள். தச்சரிடம் விட்டால் மெல்லிய பலகை விண்டு போகும் என்று, அந்த வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். கணவன் வெளியே பலகையைப் பெயர்த்துக் கதவைத் துடைத்துப் பார்த்துவிட்டு, பழைய கீலுக்குப் பொருந்துகிற கீல் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மகளைத் தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தப் பெண், அம்மாவோடுதான் இருப்பேன் என்று அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நம்ம இப்ப டப்பாக்குள்ள இருக்கோமா?" வாலு தரையில் படுத்துக்கொண்டு மொசைக்கில் இருந்த கறுப்புக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆமா. கண்ணாடி போட்ட டப்பா. அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குடு, டப்பாவைத் திறப்போம்."

ஒயர் இழுத்துத் தொங்கவிட்ட பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பலகைகள் தேன் நிறத்தில், ஆளுயரத்துக்கு மேல், ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூ அடம்பிடித்தது, கிரீச்சென்றது, அப்புறம் சொன்ன பேச்சுக் கேட்டது. அவள் பலகையை நோகாமல் எடுத்து, பின்பக்கம் சாக்பீஸால் ஒன்று என்று எழுதிச் சுவரோரம் சாய்த்தாள். கழற்றியது கழற்றிய வரிசையிலேயே வேறொரு சுவருக்குப் போக வேண்டும், அதற்குத்தான் இந்த எண். பலகை இருந்த இடத்திலிருந்து ஒரு காற்று வந்தது. பழைய மரமும் பசையும் கலந்த வாசனை இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது அது இல்லை. ஒரே சட்டையை நாள்கணக்காகப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் பக்கத்தில் போனால் வருமே, அந்த வாசனை. வெதுவெதுப்பாக இருந்தது.

பலகைக்குப் பின்னால் கதவு இல்லை. இன்னொரு பலகை இருந்தது.

சரி, அந்தப் புண்ணியவான் இரட்டையாக அடித்திருக்கிறார் என்று நினைத்தாள். மொத்த வரிசையையும் கழற்றி முடித்தாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. தேன் நிறத்தில், அதே உயரத்தில், அதே இடத்தில் ஸ்க்ரூவோடு, அடுத்த வரிசை நின்றது. உற்றுப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த பலகையில் முழங்கை உயரத்தில் முட்டை மாதிரி ஒரு முடிச்சு இருந்தது. அதே முடிச்சு அவள் சற்றுமுன் கழற்றிச் சாய்த்த பலகையிலும் இருந்தது. ஒரே மரத்தை அறுத்தால் இப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்தடுத்த சீவல்களில் முடிச்சு ஒன்றுபோல வரும். அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். பின்னால் தெருச் சத்தம் கேட்டது, ஹாரன், யாரோ பேரம் பேசும் குரல். கேட்கவே தெம்பாக இருந்தது.

"ரெண்டு வரிசை அடிச்சிருக்காங்க. எப்ப வருவீங்க?"

"ரெண்டா? அடிச்சது லாட்டரி. படுக்கை ரூமுக்கும் சேத்து ஆச்சு. நான் இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வந்துடறேன்."

"இந்தச் சுவர் காஞ்சு போச்சுங்க."

"எது?"

"மேஸ்திரி கட்டினது. பழசாட்டம் இருக்கு."

"அவ்வளவு சீக்கிரம் எப்படிக் காயும்? நீ ஒண்ணும் பண்ணாத, நான் வந்து பாக்கறேன். பயமா இருக்கா?"

"சேச்சே" என்றாள். வீட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவளுக்கு அந்த வீட்டிலேயே பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? வெட்கம் கெட்ட மானம் அந்த நேரத்தில் வந்து வாயை அடைத்தது. போனை வைத்தாள். அப்போதே அலறியிருக்கலாம்.

இரண்டாவது வரிசையின் முதல் பலகையைக் கழற்றித் திருப்பினாள். எண் எழுத சாக்பீஸை எடுத்தாள்.

பின்பக்கம் ஏற்கெனவே எண் இருந்தது. முதல் வரிசையில் அவள் நிறுத்திய எண்ணுக்கு அடுத்த எண், ஏழு. அந்த எண்ணை அவள் எப்போதும் நடுவில் ஒரு கோடு போட்டுத்தான் எழுதுவாள். பள்ளிக்கூடத்தில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள். அந்தக் கோடு இருந்தது. விரலை வைத்துத் தேய்த்தாள். சாக்பீஸ் தூள் புதுசாக, மாவு போல ஒட்டிக்கொண்டது.

பலகையை விட்டுவிட்டு அப்படியே பின்வாங்கினாள். முதுகு எதன் மேலோ இடித்தது. மேஸ்திரி கட்டிய செங்கல் சுவர். அந்தச் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பெரிய ஹால் இருந்தது. சோபா போட்டு, மேஜை போட்டு, அதற்கப்புறமும் வாலு சைக்கிள் ஓட்டுகிற அளவுக்கு இடம் இருந்தது. அவள் நான்கைந்து எட்டுதான் பின்னால் வைத்திருப்பாள்.

"வாலு. எழுந்திரு. முற்றத்துக்குப் போகலாம்."

"எதுக்கு?"

"காத்து வாங்க."

முற்றத்தில் நின்று கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஏணி இருக்கிறது, கூரை மேல் ஏறலாம். இதையெல்லாம் முன்பே யோசித்திருக்க வேண்டும், மக்கு, மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவை நகர்த்தினாள். அது எப்போதும்போல வழுக்கிக்கொண்டு திறந்தது. வெளியே இருட்டிவிட்டது என்று நினைத்துக் காலை வெளியே வைத்தாள். கால் பெருவிரல் எதிலோ இடித்தது. கையை நீட்டினாள்.

மரம்.

வழவழப்பாக, வெதுவெதுப்பாக. கண்ணாடி முழு நீளத்துக்கும், தரையிலிருந்து மேலே வரை, தேன் நிறப் பலகை. வானம் இருந்த இடத்தில் பலகையின் விளிம்பு கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முற்றத்துக் காற்று இல்லை. அந்தச் சட்டை வாசனைதான் இருந்தது.

படுக்கை அறைக்குப் போகும் நடை பக்கம் ஓடினாள். நடை இரண்டு எட்டில் பலகையில் போய் முடிந்தது. சமையலறைப் பக்கம் திரும்பினாள். சமையலறை வாசல் இருந்த இடம் தட்டையாக இருந்தது.

"அம்மா, நம்ம வீடு எங்க போச்சு?" வாலு அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அது அவளுக்கு இன்னும் கலவரமாக இருந்தது.

"இங்கதான்டா இருக்கு. அப்பா வந்துடுவாரு."

போனை எடுத்தாள். போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை. செங்கல் சுவரைத் தோளால் இடித்தாள், சுத்தியலால் அடித்தாள். சுத்தியல் எகிறித் திரும்பியது, கல்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. வாய் விட்டு அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். பலகைக்குப் பின்னால் கதவு இருக்கிறது. வெளியே இருந்து கணவன் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறான், கையால் துடைத்திருக்கிறான். எத்தனை வரிசை இருந்தால் என்ன? எல்லாவற்றையும் கழற்று.

கழற்றினாள். எண் எழுதவில்லை, நோகாமல் எடுக்கவில்லை, நெம்பினாள், விண்டது, விண்டால் விளங்கட்டும். மூன்றாவது வரிசை. நகம் பெயர்ந்தது. நான்காவது. கழற்றிப் போட்ட பலகைகள் காலடியில் குவிந்து நிற்க இடம் இல்லாமல் போயிற்று. இடம் குறைவது பலகையால்தானா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாலு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றாள். பல்பு தலைக்கு ரொம்பப் பக்கத்தில் தொங்கியது. எங்கேயோ ஒரு ஸ்க்ரூ கிரீச்சென்றது. அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர் சும்மாதான் இருந்தது.

அடுத்த வரிசையில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்னக் கதவு இருந்தது.

அது என்னவென்று பார்த்ததும் தெரிந்தது. இந்த மாதிரி வீடுகளின் படங்களில் பார்த்திருக்கிறாள். வீட்டில் ஆள் இல்லாதபோது பால் பாட்டிலும் பார்சலும் வைத்துவிட்டுப் போக வாசலை ஒட்டிச் சுவரில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு. கணவன் வெளிப்பக்கம் அப்படி ஒன்று இருந்ததாகச் சொல்லவில்லை. பூசி மறைத்திருப்பார்கள். பித்தளைக் குமிழைப் பிடித்து இழுத்தாள். திறந்தது. உள்ளே ஒரு பெட்டி அளவு இருட்டு. அதற்கு அந்தப் பக்கம், மெல்லிசாக, வெளிச்சத்தின் கோடு.

"ஏய் பிடிவாதம். இருக்கியா?"

கணவனைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை.

"என்னங்க! என்னங்க, எங்களை வெளிய எடுங்க. உள்ள எல்லாம் மூடிக்கிட்டு வருது."

"தெரியுது. பதறாத. இந்தப் பக்கக் கதவு திறக்குது பாரு." வெளிச்சக் கோடு அகலமாயிற்று. மஞ்சள் வெளிச்சம், தெரு விளக்கு மாதிரி. ஒரு கை உள்ளே வந்தது. காலையில் பலகை பெயர்க்கும்போது கிழித்துக்கொண்ட கட்டை விரலில் அவளே ஒட்டிவிட்ட பிளாஸ்திரி. மடித்துவிட்ட சட்டைக் கை. அவள் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"உன்னால இதுல வர முடியாது. பாப்பாவைக் குடு."

"நான்?"

"முதல்ல பாப்பாவைக் குடும்மா. நேரமில்ல."

பின்னால் பலகை ஒன்று அவள் குதிகாலைத் தொட்டது. வேறு என்ன செய்வாள்? எந்தத் தாய் வேறு எதைச் செய்வாள்? மகளைத் தூக்கினாள்.

"வாலு, அப்பாகிட்டப் போ. கையை நீட்டிக்கோ. தலையைக் குனிஞ்சுக்கோ."

"நீயும் வா."

"வரேன். நீ முதல்ல."

"அப்பா ஏன் உள்ள எட்டிப் பாக்க மாட்டேங்கிறாரு?"

"ஓட்டை சின்னதுடா. போ கண்ணு."

குழந்தையின் தோள் ஒரு கணம் சிக்கி, சரிந்து, போயிற்று. இரண்டு கைகள் அவளை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டன. செருப்பில்லாத குட்டிக் கால்கள் வெளிச்சத்தில் துள்ளின. வெளிக் கதவு சாத்திக்கொண்டது.

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. நெற்றியைப் பலகையில் சாய்த்துச் சிரித்தாள், விம்மினாள். இனி என்ன ஆனாலும் ஆகட்டும். தான் இந்த மரத்துக்குள் நசுங்கிச் செத்தாலும் பிள்ளை வெளியே தெருவில், அப்பாவின் இடுப்பில். அது போதும். நிஜமாகவே அது போதும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"என்னங்க" என்றாள். "அவளுக்கு ஒண்ணும் இல்லையே?"

மேஸ்திரியைக் கூப்பிடப் போயிருப்பான். கடப்பாரை தேடிப் போயிருப்பான்.

போன் அடித்தது.

அவன் பெயர். எடுத்தாள். ஹாரன் சத்தம், காற்று, வண்டியின் இரைச்சல்.

"எத்தனை வாட்டி கூப்பிடறது, லைனே போகல. கேளு, கீல் கிடைச்சுடுச்சு. அசல் அதே மாதிரி. நீ பார்த்தா ஆடிப்போயிடுவ. பாலத்துகிட்ட வந்துட்டேன்."

அவள் சாத்தியிருந்த சின்னக் கதவைப் பார்த்தாள்.

"ஹலோ? வாலு என்ன பண்றா? தூங்கிட்டாளா?"

"உங்ககிட்ட குடுத்தேனே" என்றாள்.

"என்ன?"

"உங்க கையில குடுத்தேனே. இப்பதான். உங்க கை. பிளாஸ்திரி."

"என்ன உளறுற? அவ உன்கூடத்தானே இருந்தா?"

போன் கையிலிருந்து விழுந்தது. அவள் குமிழை இழுத்தாள். வரவில்லை. இழுத்தாள். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினாள், அதன் நுனி வளைந்தது. பலகையில் காதை வைத்தாள். உள்ளே, ரொம்ப உள்ளே, ஒரு சின்ன வீட்டில் நடப்பது மாதிரி, நாற்காலி நகரும் சத்தம். யாரோ சிரித்தார்கள். வாலு.

அலறினாள். எவ்வளவு நேரம் அலறினாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்புறம் பின்னால் ஏதோ பொத்தென்று விழுந்தது. இன்னொன்று. ஈர மணலின் வாசனை, சிமெண்டின் பச்சை வாசனை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஹால் இருந்தது, முழு ஹால், சோபா, மேஜை, எல்லாம். கண்ணாடிக்கு அப்பால் முற்றம் இருந்தது, மேலே வானம் கொஞ்சம் நீலமாகக்கூட இருந்தது. எதிர்ச்சுவரில் செங்கல்கள் சரிந்து ஓர் ஆள் நுழையும் அளவு வழி. கணவன் கையெல்லாம் சேறாக உள்ளே தாவினான்.

"ஈரச் சுவர்தான், கையால தள்ளினதும் விழுந்துடுச்சு. என்ன ஆச்சு? பாப்பா எங்க?"

அவள் கையைக் காட்டினாள். கழற்றிய பலகைகள் சுவரோரம் ஒரே ஒரு வரிசை சாய்ந்திருந்தன. அவை இருந்த இடத்தில் பழைய வாசல், தேக்குக் கதவு, தாழ்ப்பாள், எல்லாம் அவர்கள் கனவு கண்டது போலவே. கதவின் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், பித்தளைக் குமிழ்.

அவன் தாழைத் தட்டித் திறந்து தெருவுக்கு ஓடினான். வெளியே இருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. "இங்க ஒண்ணுமே இல்லடி. வெறும் சுவர்தான்." கூரை மேல், முற்றத்தில், அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. திரும்பி வந்தவன் கையில் மேஸ்திரி விட்டுப் போயிருந்த கடப்பாரை இருந்தது.

"தள்ளு."

"வேண்டாங்க."

"தள்ளுங்கறேன்ல."

"உள்ள பிள்ளை இருக்கா. இடிச்சா அவ மேல விழும்." கைகளை விரித்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு இப்போது இரண்டு வாசல்களும் திறந்திருந்தன. இரண்டிலிருந்தும் தெருக் காற்று வந்து பல்பை ஆட்டிக்கொண்டிருந்தது. எந்த வாசல் வழியாகவும் அவளால் இனி போக முடியாது. இன்றைக்கு மட்டுமல்ல.

இடுப்புக்குப் பக்கத்தில் குமிழ் திரும்பியது.

கடப்பாரை கீழே விழுந்தது. இருவரும் பார்த்தார்கள். சின்னக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். கதவின் விளிம்பை நான்கு குட்டி விரல்கள் வந்து பிடித்தன.

"அம்மா." வாலுவின் குரலில் தூக்கம் இருந்தது, வேறு எந்தக் குறையும் இல்லை. "அப்பா கதவைச் சாத்தச் சொல்றாரு. குளிர்காத்து வருதாம்."

அவள் மண்டியிட்டு அந்த விரல்களைப் பிடிக்கப் போனாள்.

உள்ளே இருந்து ஒரு பெரிய கை வந்தது. கட்டை விரலில் பிளாஸ்திரி. அது அவசரப்படவில்லை. தூங்கிவிட்ட குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற பக்குவத்தோடு, விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், எடுத்துவிட்டது.